மவுண்ட் ஆல்பர்ட்டில் எடுத்த படம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பரில், நத்தார் பண்டிகை விடுமுறைக்கு ஒக்லாந்துக்குப் போனேன். மவுண்ட் ரோஸ்கில்லில் பெரியம்மாவின் மகன் இருந்தார், எனக்கு அண்ணன் முறை. "சரித்திரம் உள்ள நகரம், தம்பி. ஒருக்கா வந்து பார்" என்று அவர் டெலிபோனில் சொன்னபோதே எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இருந்தது அதே நாட்டில், தெற்கே ஒரு சிறிய ஊரில். பால்மாத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. யாரோ ஒருவரின் கராஜுக்குப் பின்னால் ஓர் அறை. மனைவியும் மகளும் மாமியுடன் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார்கள். மனைவியையும் மகளையும் கூப்பிடுவதற்கான விசாப் படிவம் எட்டு மாதமாக என் மேசையில் கிடந்தது. கௌரவமாக ஒரு வீடு எடுத்த பிறகு அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். அனுப்பியாயிற்று என்று அவள் நினைத்திருந்தாள். நான் அதைத் திருத்தவில்லை.

அண்ணன் முதலில் துறைமுகத்தடிக்குக் கொண்டுபோனார். கடைகள் எல்லாம் பூட்டு. சனம் முழுக்கக் கடற்கரைகளுக்குப் போய்விட்டது. தெருவில் நாங்களும் கடற்புறாக்களும்தான். ஒரு செங்கல் கட்டடத்தைக் காட்டி, "நூறு வருசத்துக்குக் கிட்ட" என்றார், தானே நின்று அத்திவாரம் வெட்டியவர்போல. நான் படித்த பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் நாங்கள் இருந்த வாங்குக்கே அதைவிட வயது கூட. பிறகு ஒரு மரத் தேவாலயம். கட்டியவர் யார், மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று வாசலில் ஒரு பலகை நிறைய எழுதியிருந்தது. விறகுக்கு இவ்வளவு விளக்கமோ என்று கேட்டேன். அண்ணனுக்கு முகம் சுருங்கியது. எரிமலை என்று ஒரு புல்மேட்டில் ஏற்றினார். மேலே ஒரு பள்ளம் இருந்தது, சரிவில் மாடுகள் மேய்ந்தன. பின்சீற்றில் இருந்த அவருடைய மகள், "போரிங், டடி" என்றாள். அந்தக் காரில் புத்தியுள்ள ஆள் அவள் ஒருத்திதான்.

எல்லாவற்றையும்விட எனக்கு அருவருப்பாக இருந்தது அண்ணனின் கமரா. எங்கள் ஆட்களிடம் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. யாருடைய காரானாலும் கதவில் கைவைத்து நின்று படம் எடுப்பார்கள், யாருடைய வீடானாலும் கேற்றடியில் நிற்பார்கள். ஊருக்கு அனுப்பும்போது என் கார், என் வீடு என்று எழுதமாட்டார்கள். ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுவார்கள். மிச்சத்தை, படம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்தச் சில்லறைத்தனத்தை நான் அடியோடு வெறுத்தேன்.

மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய வில்லாவுக்கு முன்னால் காரை நிறுத்தினார். வெள்ளை அடித்த மரவீடு, பெரிய விறாந்தை.

"கேற்றில கையை வை தம்பி. வீட்டுக்காரன் மாதிரி நில்லு."

"வெக்கமில்லையோ அண்ணை?"

"பிள்ளைக்கு அனுப்பலாம். நில்லு எண்டிறன்."

நின்றேன். வயிற்றைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டேன்.

படங்களைக் கழுவி, ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி அனுப்பியிருந்தார் அண்ணன். ஒரு கிழமை முழுக்க அவரைப் பழித்துக் காட்டித் தொழிற்சாலையில் சிரித்தேன். பிறகு அந்தக் கேற்றடிப் படத்தையே உறைக்குள் போட்டு, விடுமுறை நன்றாகப் போனது என்று இரண்டு வரி எழுதி மனைவிக்கு அனுப்பினேன். வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

மூன்று கிழமையில் பதில் வந்தது. வழக்கமாக நாலு பக்கம் எழுதுகிறவள் நாலே வரி எழுதியிருந்தாள். படத்தில் யன்னலுக்குள் நிற்கும் வெள்ளைக்காரி யார்? இவ்வளவு பெரிய வீடிருந்தும் எங்களைக் கூப்பிடாததற்கு அவள்தான் காரணமா? மறைக்காமல் எழுதவும்.

மற்றப் பிரதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உண்மைதான். என் தோளுக்குப் பின்னால், திரைச்சீலையை விலக்கிக்கொண்டு அந்த வீட்டுக்காரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் நான் என்னை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

உடனே லொட்ஜுக்கு டெலிபோன் எடுத்தேன். மனேஜர் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

"அது என்ர வீடில்லை," என்றேன். "அந்த மனுசியை எனக்குத் தெரியாது. நான் ஒரு கராஜுக்குப் பின்னால ஒரு அறையில இருக்கிறன்."

அவள் அடுத்ததைக் கேட்டாள்.

"அப்ப விசா ஏன் இவ்வளவு சுணக்கம்?"

"படிவம் இன்னும் அனுப்பேல்லை. ஒரு நல்ல வீடெடுத்துப்போட்டு அனுப்புவம் எண்டு..."

கத்துவாள் என்று காத்திருந்தேன். அண்ணனையும் அவருடைய நகரத்தையும் நான் பேசிய பேச்சில் பாதியை அவள் எனக்குத் தந்திருந்தாலும் வாங்கிக்கொண்டு நின்றிருப்பேன். அவள் குரலை உயர்த்தவேயில்லை.

"இஞ்ச ஒரு கட்டிலில நானும் பிள்ளையும் படுக்கிறம். அம்மா கீழ பாயில. உங்கட அறையில ஒரு பாய் விரிக்க இடமில்லையோ?"

இடம் இருந்தது.