பேய்க்கு வைத்த கால்

என் பழைய போனில் அப்பா ஆடும் வீடியோ ஒன்று இருக்கிறது. விழுப்புரம் பக்கம் காணையில் எங்கள் வீட்டு வாசலில் எடுத்தது, ஒரு நிமிடம்கூட வராது. கரும்பு வெட்டும்போது கத்தி பட்டதிலிருந்து அப்பாவுக்கு இடது கால் இழுக்கும். ஆனாலும் மாதா தேருக்கு முன்னால் பறையடித்து ஆடிவந்தவர் அவர்தான். வீடியோவிலும் அப்படித்தான் ஆடுகிறார். அதைச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன்.

அப்போது திண்டிவனத்தில் ஒரு கார்ட்டூன் ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். முதலாளியை டைரக்டர் என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். கர்நாடக சங்கீதத்துக்குப் பத்து நிமிடப் பக்திப் படம் ஒன்று செய்தோம். வயலினோடு பேய் ஊருக்குள் நுழையும். மிருதங்கம் தனியாக வாசிக்கையில் கூத்தாடும். கீர்த்தனை தொடங்கித் தேர் வந்ததும் ஓடிவிடும். தேருக்கு முன்னால் ஆடும் பக்தனுக்காகத்தான் அப்பாவைப் படம் பிடித்தேன். அவர் அசைவை அடிக்கு அடி அந்தப் பொம்மைக்கு ஏற்ற ஒரு மாதம் ஆனது.

டைரக்டர் பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா சாமிய நம்புறவன் எதுக்குப்பா நொண்டிக்கினு வரான்? இத பேய்க்கு வெச்சிடு, செமையா இருக்கும்." பக்தனுக்குத் தானே நெஞ்சை நிமிர்த்தி நடந்து காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகூட எங்களைப் பூசைக்குப் போகவிடாத மனுஷன்.

நான் என்ன செய்தேன்? "சரிங்க சார்" என்றேன். ஒரு பொம்மையின் அசைவை இன்னொன்றில் போடப் பத்து நிமிடம் போதும். பறைக்கு ஆடிய ஆட்டம் மிருதங்கத்திலும் அச்சாக உட்கார்ந்தது. இழுத்து வைக்கிற கால் ஒவ்வொரு முறையும் தாளத்தில் விழுந்தது. அந்த நேரம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. கொம்பும் பல்லும் வைத்த முகம், யாருக்குத் தெரியப்போகிறது என்று அப்பாவிடம் சொல்லாமல் விட்டேன்.

விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் திரையிட்டார்கள். மகன் செய்த படம் என்று அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தெருவையே வேனில் கூட்டிவந்தார். பேய் ஆடத் தொடங்கியதும் எங்கள் தெருப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். "இது நம்ம தாத்தா நடைடா" என்று ஒரே சிரிப்பு. மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. பிறகு உரித்தார், ஒன்றையும் வாயில் போடவில்லை. வேனில் திரும்பும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "தாளம் தப்பலடா."

மறுநாளிலிருந்து பிள்ளைகள் அவர் பின்னால் காலை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். பெரியவர்களும் அதட்டுவதுபோல் அதட்டிவிட்டுச் சிரித்தார்கள். டைரக்டருக்கு மேடைக்கு மேடை சால்வை. தெருவில் நடப்பதை நான் போனில் சொன்னபோது, "உங்கப்பாவ ஃபேமஸ் ஆக்கிட்டேன், நன்றி சொல்லுப்பா" என்றார். அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கச் சொல்கிற சாமியார்களிடமும் இதைச் சொல்லிவிட்டேன். வேலையை விட்டேன். அதனால் அப்பாவுக்கு என்ன வந்துவிட்டது?

இந்த வருடத் தேருக்கு வேறொருவர் பறையடித்தார். சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது அப்பா உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அன்றைக்குத்தான் அந்த வீடியோவைச் சத்தத்தோடு போட்டேன். ஆடி முடித்து, மூச்சு வாங்க, அப்பா கேட்கிறார்: "கால் இழுக்குறது தெரியாம பண்ணிடுவ இல்லடா?"

"நான் பாத்துக்கிறேம்பா" என்கிறது என் குரல்.