அத்தை எடுத்துப் போன கம்ப்யூட்டர்

சியாகிக்குப் பதினாறு வயது. படிப்பு பாதியில் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்பது வீட்டில் சொல்வது. உண்மையில், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் புகுந்து, போட்டவுடன் பன்றி உறுமுகிற மாதிரி செய்து வைத்தவன் அவன். கல்வி அதிகாரி பார்வையிட வந்த அன்று மொத்த அறையும் ஒரே நேரத்தில் உறுமியது. பையன் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும் என்று தலைமை ஆசிரியர் சொல்லி அனுப்பினார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

எங்கள் தீவின் நெயாஃபு துறைமுகச் சாலையில் அவன் அப்பா மாகாவுக்கு ஒரு பெட்டிக்கடை. அதில் அரிசி மூட்டை அடுக்கும் மூலையை சியாகி பிடித்துக்கொண்டான். ஒரு பீப்பாய் மூடியில் 'சியாகி கம்ப்யூட்டர்' என்று பெயிண்டால் எழுதிக் கடை முகப்பின் கம்பி வலையில் மாட்டினான். எங்கள் ஊரில் கம்ப்யூட்டரைக் கொல்வது உப்புக்காற்றும் எறும்பும்தான். அவை விட்டுவைத்ததை, லீவுக்கு ஆக்லாந்திலிருந்து வந்து 'எனக்கு எல்லாம் தெரியும்' என்கிற சொந்தக்காரன் கொன்றுவிடுவான். ஆகவே சியாகிக்கு வேலைக்குக் குறைவில்லை. பல்லி முட்டையை எடுத்துப் போட்டே நாலு பேருடைய மெஷினை எழுப்பிக் கொடுத்திருக்கிறான்.

ஆனால் அதெல்லாம் ரிப்பேர். முழு கம்ப்யூட்டர் ஒன்றைத் தானே கட்டி விற்க வேண்டும், அப்போதுதான் அது கடை என்பது அவன் எண்ணம். முதல் ஆர்டரைக் கொடுத்தவர் திமிங்கிலம் காட்டும் படகுக்காரர் ஃபெலெத்தி. பயணிகள் கரையேறியதும் அவர்கள் எடுத்த படங்களைப் பெரிய திரையில் போட்டுக் காட்ட அவருக்கு ஒரு மெஷின் வேண்டும்.

"டாக்டர், சீசனோட முதல் படகு திங்கட்கிழமை கிளம்புது. உன் பேஷன்ட் அதுக்குள்ள என் படகுத்துறைக்கு வந்துடணும். இல்லேன்னா தலைநகர்லேருந்து ஒண்ணைக் கப்பல்ல வரவழைச்சுக்குவேன். நீ பன்றி மேய்க்கப் போகலாம். உனக்குத்தான் பழக்கமாச்சே" என்றார்.

செத்த கம்ப்யூட்டர்கள் நாலைப் பிரித்து, உயிருள்ள உறுப்புகளைச் சேர்த்து, புதன்கிழமை காலையில் ஒன்றை எழுப்பிவிட்டான் சியாகி. அதற்கு மேல் அவனிடம் ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. இனோகே சித்தப்பாவின் கொட்டகையில் மூன்று செத்த மெஷின்கள் கிடந்தன. ஆறு மாதமாகக் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. "ஒரு நாள் உதவும்டா" என்று சொல்லி நாயை அவிழ்த்துவிடுவார்.

அந்தப் புதன்கிழமைதான் லெசியேலி அத்தை குடையை மடக்கிக்கொண்டே கடைக்குள் வந்தாள்.

அத்தை என்றால் அப்பாவுக்கு மூத்தவள். அப்பாவின் அக்கா ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லும் வாய் எங்கள் தீவில் இன்னும் பிறக்கவில்லை. கேட்கக்கூட வேண்டியதில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னாலே போதும், பொருள் அவள் வீட்டுக்குப் போய்விடும்.

அத்தை திரையைப் பார்த்தாள். "இது யாரோடது?"

"நான் கட்டினது அத்தை. படகுக்கார ஃபெலெத்திக்குத் திங்கட்கிழமை..."

"நல்லா இருக்கு" என்றாள் அத்தை. "என் கூடத்துக்குப் பொருத்தமா இருக்கும்."

குரல் கேட்டதும் அப்பா அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அக்காள் முன்னால் வெறும் மேலோடு நிற்க மாட்டார். "எங்கே வைக்கணும்னு சொல்லுங்கக்கா, நானே தூக்கிட்டு வர்றேன்."

சியாகி அப்பாவைப் பார்த்தான். அப்பா தென்னை மரத்தைப் பார்த்தார்.

"ஒயரெல்லாம் ஒழுங்கா கட்டித் தர்றேன் அத்தை" என்று மெஷினை உள்ளே எடுத்துப்போன சியாகி, பக்கத் தகட்டைக் கழற்றி ரேமை உருவிக்கொண்டான். விரல் நீளத்துக்கு ஒரு பச்சைத் துண்டு. அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பீப் பீப் என்று அழுமே தவிர வேறொன்றும் செய்யாது. அத்தை போட்டுப் பார்ப்பாள், அழும், சீ என்று திருப்பி அனுப்புவாள், ரேமைச் செருகி ஃபெலெத்தியிடம் கொடுத்துவிடலாம். கணக்கு அவனுக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாள் முழுக்கக் காத்திருந்தான். மெஷின் வரவில்லை. சாயங்காலம் தானே அத்தை வீட்டுக்குப் போனான். இருப்பதிலேயே நல்ல பாயை விரித்து, அதன்மேல் மேஜை போட்டு மெஷினை வைத்திருந்தாள். மேலே பின்னல் துணி, கழுத்து என்று அவளுக்குத் தோன்றிய இடத்தில் பூமாலை.

"போட்டுப் பார்க்கலையா அத்தை?"

"ஜெபம் பண்ணாம எப்படிடா போடறது? நாளைக்குச் சாயங்காலம் போதகர் வர்றார். பாட்டுக்குழு வருது. தெரு பூரா வருது. ஆக்லாந்துலேருந்து என் மகன் இதுல முகம் காட்டப் போறான். என் தம்பி மகன் செஞ்சதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

சியாகி மெஷின் பக்கம் கையை நீட்டினான். "ஒரு நிமிஷம் நான் மட்டும் திறந்து..."

"தொடாதே. ஜெபம் ஆகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. நானே பக்கத்துலதான் படுத்துக் காவல் இருக்கேன்."

அவனுடைய கணக்கில் இது இல்லை. மெஷின் அழுதால் அத்தை சீ என்று சொல்லப் போவதில்லை, தெருவே அத்தையைப் பார்த்துச் சிரிக்கப் போகிறது. அப்புறம் சியாகி கட்டிய கம்ப்யூட்டரை இந்த ஊரில் எவன் வாங்குவான்? அதைவிட அந்தப் பூமாலைதான் அவனை அதிகம் தொந்தரவு செய்தது. யாரும் இதுவரை அவன் செய்த எதற்கும் மாலை போட்டதில்லை.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்து வழிந்தது. அக்காள் உட்காரும் கூடத்தில் தம்பி உட்கார மாட்டான், அதனால் அப்பா ஆண்களோடு வராந்தாவில் இருந்தார். தேங்காய்ப்பாலில் வெந்த இலைப் பொட்டலங்களின் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஃபெலெத்தியும் வந்துவிட்டார்.

"என் பேஷன்டுக்கு மாலையெல்லாம் போட்டு வச்சிருக்கே, போய்ச் சேர்ந்துடுச்சா?" என்று ஜன்னல் வழியே கேட்டார்.

சியாகி, விசேஷத்துக்கு எங்கள் ஊர் வழக்கப்படி இடுப்பில் பாய் சுற்றி, சட்டைப் பையில் ரேமோடு மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மெஷினைக் கட்டியவனுக்கு அத்தை கொடுத்த இடம் அது.

போதகர் ஜெபத்தை ஆரம்பித்தார். எல்லாத் தலைகளும் குனிந்தன, எல்லாக் கண்களும் மூடின. எங்கள் போதகர் கடலையும் வானத்தையும் படைத்ததிலிருந்து தொடங்கி, அரச குடும்பத்தைத் தாண்டி, வெளிநாட்டில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் கரைக்கு வருவார். வாழ்நாளில் முதல் முறையாக அந்த நீளத்துக்கு சியாகி நன்றி சொன்னான். கையைப் பின்னால் விட்டுத் திருகாணிகளைக் கழற்றினான். தகட்டை விலக்கினான். ரேமை அதன் பள்ளத்தில் நிறுத்தினான். அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் மாட்டிக்கொண்டான். அழுத்தினால் டக்கென்று சத்தம் வரும். ஜெபத்தின் அமைதியில் அது வராந்தா வரைக்கும் கேட்கும். போதகரோ ஆக்லாந்தை முடித்துவிட்டு சிட்னிக்கு வந்திருந்தார். வியர்வை வழிய சியாகி நிமிர்ந்தான்.

அத்தையின் ஒரு கண் திறந்திருந்தது. அது அவனைப் பார்த்தது, திறந்து கிடந்த தகட்டைப் பார்த்தது, பிறகு மூடிக்கொண்டது.

"ஆமென்" என்றார் போதகர்.

மற்றவர்கள் சொல்லி முடிப்பதற்குள் அத்தை எழுந்து, மேஜைக்கும் ஜனங்களுக்கும் நடுவில், மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அத்தை நின்றால் அது ஒரு சுவர். நின்றவள் பாடத் தொடங்கினாள். பாட்டுக்குழு பிடித்துக்கொண்டது. வராந்தாவிலிருந்து ஆண்களின் அடிக்குரல் எழுந்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த அதிர்வில் சியாகி கட்டைவிரலால் அழுத்தினான். டக் என்றது அவனுக்கே கேட்கவில்லை, விரலுக்குத்தான் தெரிந்தது. பாட்டு முடியும்போது தகடு மூடியிருந்தது. ஒரு திருகாணி மட்டும் அவன் வாய்க்குள் இருந்தது.

"போடுடா" என்றாள் அத்தை.

போட்டான். பள்ளிக்கூடத்துக் கதை தெரிந்தவர்கள் பன்றி உறுமுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். உறுமவில்லை. ஆழத்திலிருந்து ஒரு நீண்ட குரல் கிளம்பி, ஏறி, இறங்கி, கூடம் முழுக்க நிறைந்தது. திமிங்கிலத்தின் குரல். ஃபெலெத்தியின் படகிலிருந்து பதிவு செய்து, போட்டவுடன் ஒலிக்கும்படி அவருக்காகவே அவன் வைத்திருந்தது. ஃபெலெத்தி கையில் பாதிப் பொட்டலத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு திரையில் அத்தையின் மகன் வந்தான். "அம்மா, படம் பளிச்சுன்னு இருக்கே. எந்தக் கடையில வாங்கினே?"

"கடையிலயா? நம்ம சியாகி கட்டினது. என் தம்பி மகன்." அதை ஜன்னல் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொன்னாள். வராந்தாவில் அப்பா உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் உயரமாகிவிட்டார்.

கூட்டம் கலைந்த பின் அத்தை அவன் கையில் இரண்டு பொட்டலங்களைத் திணித்தாள். "ஜெபம் பண்ணும்போது கண்ணை மூடணும்."

"உங்க கண்ணு அத்தை?"

"என் வீட்டுல நான் திறப்பேன். இதை நான் ஏன் எடுத்தேன்னு நினைச்சே? உன் கடையில இருந்தா அது வெறும் பெட்டி. இங்கே இருந்தா ஊரே பார்க்கும்." வாசல் வரை வந்தவள் நின்றாள். "இனோகே கொட்டகையில மூணு கிடக்காமே. நல்லா இருக்குன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கேன்."

சனிக்கிழமை விடிந்ததும் இனோகே சித்தப்பா மூன்று மெஷின்களையும் தானே தூக்கிவந்து கடை வாசலில் இறக்கினார். அக்காள் பேச்சுக்கு அவர் மட்டும் விதிவிலக்கா என்ன? "ஒரு நாள் உதவும்னு சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாட்டில் கர்த்தருடைய ஓய்வுநாள், ஒரு திருகாணியையும் தொட முடியாது. ஆக, அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான் கையில் இருந்தது. அப்பா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அரிசி வாங்க வந்தவர்களைக்கூட "பையன் வேலையா இருக்கான்" என்று திருப்பி அனுப்பினார். இருட்டுவதற்குள் மூன்று சேர்ந்து ஒன்றாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை அது ஃபெலெத்தியின் துறையில் திமிங்கிலக் குரலில் பாடியது. பயணிகள் படகில் ஏற மறந்து நின்று கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து லெசியேலி அத்தை குடையோடு வந்தாள். மெஷினை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுவும் நல்லா இருக்கு" என்றாள்.

ஃபெலெத்தி இரண்டு கைகளாலும் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதே ஃபெலெத்தி" என்றாள் அத்தை. "நான் உங்க அப்பாவுக்கு அக்கா இல்லை."