சிமெண்டுக்குக் காவல்

எங்கள் வீட்டில் சிமெண்டு என்றால் தூள் அல்ல, தரை. கம்பம் என்று மலாயில் சொல்லும் எங்கள் கிராமத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். பக்கத்து வீட்டில் நான் படுத்து உருண்டால், "சிமெண்டுல படுக்காதடா, சளி பிடிக்கும்" என்று எங்கள் மண்தரையிலிருந்து அம்மா குரல் கொடுப்பார்.

"சிமெண்டுங்கிறது மூட்டையில வர்ற தூளும்மா. தண்ணி, மணல் சேர்த்துக் காயவெச்சாத்தான் தரை" என்று திருத்துவேன். குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

ஐம்பத்தேழில், சுதந்திரம் வந்த வருஷம், காஜா பெராங் கம்பத்தில் எங்கள் வீட்டுக்கும் சிமெண்டு வந்தது. கொத்தனார் புக்கிட் பாருவிலிருந்து சைக்கிளில் வருவார். எங்கள் தரை நன்றாக அமைந்தால் தன் சமையலறையையும் அவரிடமே கொடுப்பதாக எதிர்வீட்டு அக்கா சொல்லியிருந்தார்.

எனக்கோ அவர்மேல் முதல் நாளே சந்தேகம். உஜோங் பாசிர் கடற்கரையில் அள்ளிய உப்புமணலோ என்று ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தேன். உப்பில்லை. கழுவிக் கொண்டுவந்திருப்பார்!

"என்னா தம்பி, தொட்டுக்க சம்பல் வேணுமா?" என்றார்.

பூசிய மறுநாள் தரைமேல் ஈரச்சாக்குகளைப் பரப்பினார். "ஒரு வாரம் சாக்கு காயக்கூடாது. காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்துங்க."

காயவேண்டிய பொருளுக்கு எதற்குத் தண்ணீர்? தூளைக் குறைத்துவிட்டு மூடி மறைக்கிறார், சந்தேகமே இல்லை. அப்பாவிடமும் சொன்னேன். நாங்கள் அந்த வாரம் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தோம். தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. சாக்குகளை மூலையில் சுருட்டிப் போட்டேன். காற்று வர ஜன்னல்களைத் திறந்துவைத்தேன்.

வாரக் கடைசியில் தரை முழுக்க விரிசல். அம்மா பெருக்கப் பெருக்க மாவாகப் பறந்தது.

அப்பா கொத்தனாரை வாசலில் நிறுத்திக் கத்தினார். "என் மகன் அப்பவே சொன்னான் லா, நீ தூளைக் குறைச்சிட்டேன்னு!" எதிர்வீட்டு அக்கா ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கொத்தனார் உள்ளே வந்து தரையைச் சுரண்டிப் பார்த்தார். மூலையில் கிடந்த சாக்கைத் தொட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சிமெண்டு என்ன சட்டையா தம்பி, காயப்போட? அது தண்ணி குடிச்சுத்தான் இறுகும்."

"ஊத்துனியா இல்லையாடா?" என்றார் அப்பா.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எதிர்வீட்டு ஜன்னல் மெல்லச் சாத்தப்படுவதைப் பார்த்தேன்.

"ஊத்தலப்பா. நான்தான் சாக்கை எடுத்துட்டேன்." அந்த அக்காவுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

எதிர்வீட்டு ஜன்னல் மறுபடி திறந்தது. அக்காவின் குரல் வந்தது. "அண்ணே, நாளைக்கு நம்ம வீட்டுக்கு வர்றீங்களா?"

"வர்றேன்மா," என்றார் கொத்தனார். "உங்க வீட்டுல படிச்ச பிள்ளைங்க யாரும் இருக்காங்களா?"