மரியானின் எட்டுக் கிலோ சூரை

கிளாடிஸுக்கு வாய் சும்மா இருக்காது. மீன் ஏற்றுமதிக் கம்பெனி லேபில் ஆறு வருஷமாக மீனைச் சோதிக்கிறவள், கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் மீன் குழம்பைக் கண்டால், “எத்தன மணிக்கு ஐஸ் போட்டிய?” என்பாள். அந்தக் கேள்வியாலேயே இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. அதற்கெல்லாம் அவள் கவலைப்படவில்லை. ஃபிராங்க்ளின் விஷயம் வேறு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். மூன்று வருஷமாக அவள் பேச்சைக் கொட்டாவி விடாமல் கேட்ட ஒரே ஆண்பிள்ளை. அவனை விட்டுக்கொடுக்க அவளால் ஆகாது.

கல்யாணப் பேச்சை முடிக்க அவன் வீட்டார் கீழவைப்பாரிலிருந்து ஒரு சனிக்கிழமை வந்தார்கள். “இன்னைக்கு ஒருநா மீனப் பத்தி மூச்சு விடாதளா, ஒனக்குப் புண்ணியமாப் போவும்” என்று அம்மா ஆனி கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள்.

ஃபிராங்க்ளினின் அப்பா மரியான், விடியக்காலம் தானே தூண்டிலில் பிடித்த எட்டுக் கிலோ சூரை மீனோடு வந்திறங்கினார். ஐஸ் போடவில்லை. போட்டால் நேற்றுப் பிடித்ததென்று சம்பந்தி வீட்டில் நினைத்துவிடுவார்களாம்! மானஸ்தர் அல்லவா, வேன் கூரையில் கட்டி, ஊர் பார்க்க வெயிலில் கொண்டுவந்திருந்தார். அடுப்படியில் உட்கார்ந்து, உப்புப் பார்க்கிறேனென்று பொரித்த துண்டு நாலை உள்ளே தள்ளவும் செய்தார்.

கிளாடிஸ் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். குழம்புச் சட்டி பந்திக்கு வந்ததும் முடியவில்லை.

“மாமா, புரதம்னா ஜெபமால மாதிரி. அமினோ அமிலம்தான் மணி. அதுல ஹிஸ்டிடின்னு ஒரு மணி, சூரையில தனியாவும் எக்கச்சக்கமாக் கெடக்கும். வெயில் பட்டா கிருமி அத ஹிஸ்டமினா மாத்திரும். ஒடம்புக்கு ஆவாது.”

“கொதிச்ச கொழம்புல எதுளா உயிரோட இருக்கும்?” மரியான் சிரித்தார்.

“கிருமி செத்துரும். சூட்டுல புரதமும் மடிப்பு அவுந்துரும். ஹிஸ்டமினுக்கு உயிரே கெடையாதே, அது எப்படிச் சாவும்?”

“பரிமாறுங்க!” என்றார் அவர்.

கிளாடிஸ் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புறவாசல் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள்.

ஆனி தலையில் அடித்துக்கொண்டாள். ஃபிராங்க்ளின் இலையைப் பார்த்துக் குனிந்தவன் நிமிரவே இல்லை. மரியான் எழுந்தார். முகம் செக்கச்செவேலென்று சிவந்தது. இப்படியொரு கோபத்தை அவர் தம்பி சிலுவையே பார்த்ததில்லையாம். சம்பந்தம் முறிந்ததென்று எல்லாரும் செருப்பைத் தேடினார்கள். கிளாடிஸ் மட்டும் மரியானின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் கழுத்தில் திட்டுத் திட்டாக ஏறாதே?

“மாமா, தல வலிக்கா? நெஞ்சு படபடங்குதா? அரிக்கா?”

மரியான் கௌரவமாக ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்தார். பிறகு இரண்டு கையாலும் பறபறவென்று சொறிய ஆரம்பித்துவிட்டார்.

ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஹிஸ்டமினுக்கு மாற்று ஊசி போட்டபின் சிவப்பு வடிந்தது. கட்டிலருகே ஆனி, “எம் மவ செஞ்சது தப்புதான், மன்னிச்சிருங்க” என்று மூக்கைச் சிந்தினாள்.

மரியான் அதைக் காதில் வாங்கவில்லை. கிளாடிஸின் கையைப் பிடித்தார்.

“பெரிய சூர கெடைக்கும்போதெல்லாம் எங்க வீட்டுல எல்லாருக்கும் இப்படித்தாம்ளா தடிக்கும். பக்கத்து வீட்டுக்காரன் கண்ணு பட்டுட்டுன்னு முப்பது வருஷமா அவங்கிட்ட பேசாம இருக்கேன். சீக்கிரம் மருமவளா வந்துரு மக்கா. அவங்கிட்ட நீதான் எனக்காவ வந்து பேசணும்.”