மூன்று கண் மெஷினும் பாண்டியம்மாவின் குளிர்ந்த முகமும்

ஏலக்காய்த் தோட்ட வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் என் பொறுப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பச்சை எரிந்தால் ஆளை விட வேண்டும், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். அது தெரிந்தால் போதும் என்றிருந்தேன்.

பழைய மெஷினுக்கு ஒரே கேமரா. மலைக்குக் கீழே போடியிலிருந்து முதல் ஜீப்பில் வருகிறவர்கள், பிந்தி வருகிறவர்களின் போட்டோவைப் போனில் காட்டியே வருகை போட்டுவிடுவார்கள். அதனால் மூன்று கேமரா உள்ள மெஷின் வந்தது. மாட்டிய இன்ஜினியர் தம்பி விளக்கினார்.

"ஒண்ணு நம்ம கண்ணு மாதிரிண்ணே. இன்னொண்ணு இன்ஃப்ராரெட், அதுக்குப் போன் ஸ்கிரீன் வெறும் கருப்பாத்தான் தெரியும். மூணாவது சூடு பாக்கும். போட்டோவுக்கு ஏது சூடு? சந்தேகம்னா போன் பண்ணுங்க."

மறுநாள் மலைப்பாதை மெட்டில் கடும் பனி. காயெடுக்க வரும் பாண்டியம்மா, ஜீப்பில் கதவில்லாத ஓரத்தில் உட்கார்ந்து, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே வந்தார். மெஷின் முன் நின்றார். சிவப்பு.

"மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றேன். பழைய கேமராவுக்கு முகம் தெளிவாகத் தெரியாவிட்டால் அப்படித்தான் சொல்வேன். குழாயில் ஐஸாகத் தண்ணீர். கழுவி வந்தார், சிவப்பு. மறுபடி கழுவச் சொன்னேன், மறுபடியும் சிவப்பு.

"வெரசாப் பாருண்ணே, ஆளுக காட்டுக்குக் கெளம்பிட்டாக. நான் என்ன போட்டோவா?"

வரிசையில் நின்ற ஒருத்தி, "திரும்பி நில்லு ஆத்தா, முதுகுல ஸ்டுடியோ பேரு இருக்கான்னு பாப்போம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பல வருஷம் பார்த்த முகம். மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்ஜினியருக்குப் போன் பண்ணியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் பேசக் கூச்சம். "மெஷின் ஒத்துக்கலையே, தள்ளி நில்லு" என்றேன். அன்று வேலையில்லாமல், கீழே இறங்கும் ஜீப்பில் பாண்டியம்மா வீடு திரும்பினார்.

சாயங்காலம்தான் போன் பண்ணினேன். "ஐஸ் தண்ணியில கழுவவிட்டா எப்பிடிண்ணே சூடு தெரியும்? செத்த நேரம் அடுப்புப் பக்கம் உக்கார வச்சிருந்தாப் போதுமே" என்றார் அந்தத் தம்பி.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சிவப்பு எரிந்தால், ஆளைத் திருப்பி அனுப்புமுன் ஏன் எரிந்தது என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். நம் வெட்கத்துக்கு இன்னொருவர் கூலி போகிறது.

மறுநாள் பாண்டியம்மாவை டீ அடுப்பருகே உட்கார வைத்தேன். உள்ளங்கையைச் சூடுகாட்டிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு வந்து நின்றார். பச்சை.

"இன்னிக்கு நான் ஆளுதானாண்ணே?"

அவர் சிரிக்கவில்லை. நான் மெஷினைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். தினமும் அவர் முகம் என் முன்னால்தான் வந்து நிற்கிறது. இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.