கயிறு இழுக்கும் நடைமுறை

என் மேசை இழுப்பறையில் இரண்டு முழ நீளத்தில் ஒரு நீல நைலான் கயிறு கிடக்கிறது. ஒரு முனையில் முடிச்சு இருக்கிறது, மறுமுனை பிய்ந்திருக்கிறது. நடுவில் ஓர் அட்டைச் சீட்டு. அதில் "சான்று எண் 1" என்று என் கையெழுத்தில், தேதியோடும் இரண்டு சாட்சிகளின் சுருக்கொப்பத்தோடும் எழுதியிருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று, கம்பெனிப் பொருள் எதுவும் என் வசம் இல்லை என்று உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அந்தப் படிவத்தை வடிவமைத்தவனும் நான்தான். கயிற்றுக்கு அதில் கட்டம் கிடையாது.

போன வாரம் கண் மருத்துவமனைக்குப் போக வாடகைக் கார் கூப்பிட்டேன். வந்தது எல்லோருக்கும் தெரிந்த அந்த ஜப்பான் கம்பெனி வண்டி. அமைச்சர் போனாலும் அதில்தான் போகிறார், தர்மஸ்தலா கோயிலுக்கு மாமியாரை அழைத்துப் போனாலும் அதில்தான். ஓட்டுநர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஏறி உட்கார்ந்ததும் கன்னடம் கலந்த தமிழில் வண்டியின் புகழைத் தொடங்கினார். "சார், இந்த காடி நிக்கவே நிக்காது. மூணு லட்சம் கிலோமீட்டர் ஆய்த்து. ஒந்து நாள் கூட ரோட்டுல மானத்தை வாங்கினதில்ல. ஜப்பான்காரன் மால் சார்!" அவர் முன்னால் இருந்த மீட்டர் பலகையில் ஓரிடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. பக்தி போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் பொட்டின் விளிம்பைச் சுற்றி வெளிச்சம் கசிந்தது. "அது என்னப்பா?" என்றேன். "ஏதோ லைட்டு சார், பத்து நாளா சும்மா எரியுது. ராத்திரி கண்ணைக் குத்துது. வீட்டம்மா பொட்டு ஒண்ணு எடுத்து ஒட்டிட்டேன்" என்றார்.

நிற்காத வண்டி என்று பெயர் வாங்கிய அந்தக் கம்பெனியின் கதை, நிற்பதில் தொடங்குகிறது. அந்தக் குடும்பம் முதலில் செய்தது கார் அல்ல, தறி. ஓர் இழை அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறி. இழை அறுந்த பிறகும் ஓடுகிற தறி துணி நெய்வதில்லை, குப்பை நெய்கிறது என்பது அதைக் கண்டுபிடித்தவரின் கணக்கு. மகன் கார் பக்கம் போனார். குடும்பப் பெயரில் ஓர் ஒலியை மாற்றினால் ஜப்பானிய எழுத்தில் எட்டுக் கோடுகளில் எழுதிவிடலாம், எட்டு அதிர்ஷ்டம் என்று கம்பெனிக்குப் பெயரை மாற்றி வைத்தார்கள். நம் ஊர் எண்கணித நிபுணர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். எட்டு உடனே வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்கள் அங்குள்ள வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறின. கம்பெனி வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போய், திருத்திக்கொண்டு வந்தது. தறியின் பாடத்தை அவர்கள் கார்த் தொழிற்சாலையிலும் விடவில்லை. வேலை நடக்கும் வரிசைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். கடைநிலைத் தொழிலாளியும் தவறு கண்டால் அதை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார். அவராலும் சரிசெய்ய முடியாவிட்டால் வரிசை முழுவதும் நிற்கும். இழுத்தவருக்கு நன்றியும் சொல்வார்களாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பர்சனல் ஆபீசராக இருந்தேன். எங்கள் எம்.டி. ஒருமுறை ஜப்பானுக்குப் போய்ப் பத்து நாள் சுற்றிவிட்டு வந்தார். திருப்பதிக்குப் போனவர் மொட்டையோடு வருவதைப் போல, இவர் கயிற்றோடு வந்தார். "நம்ம லைனுக்கும் கயிறு போடணும்" என்றார். தேவராஜா மார்க்கெட் பக்கத்திலிருந்து நீலக் கயிறு வந்தது. கொக்கிகளில் அழகாகக் கோத்துத் தொங்கவிட்டோம். முனையில் ஒரு சுவிட்சு இருக்க வேண்டும். அதற்கான கோரிக்கையை மின்பிரிவு அனுப்பியது. ஒப்புதல் வராததால் முனையைத் தற்காலிகமாக ஓர் ஆணியில் கட்டி வைத்தார்கள். ஏழு மாதம் அது தற்காலிகமாகவே இருந்தது.

கயிறு வந்தால் நடைமுறை வேண்டும் அல்லவா? எழுதியது நான். பதினொரு விதிகள். கயிறு இழுக்க விரும்பும் ஊழியர் "நிறுத்தக் கோரிக்கை" படிவத்தை மூன்று பிரதிகளில் பூர்த்தி செய்து, சூப்பர்வைசர், ஷிப்டு பொறுப்பாளர், உற்பத்தி மேலாளர் மூவரின் கையெழுத்தையும் பெற்ற பிறகு இழுக்கலாம். வெள்ளைப் பிரதி கோப்புக்கு, இளஞ்சிவப்பு உற்பத்திக்கு, மஞ்சள் எனக்கு. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. இதை நான் கேலிக்காகச் செய்யவில்லை. மிகுந்த அக்கறையோடு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்துச் செய்தேன்.

அந்த வரிசையின் கடைசியில் நின்றவர்தான் செக்கிங் அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், ஆனாலும் தொழிற்சாலை முழுவதும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. தமிழக எல்லையை ஒட்டிய கோபிநத்தத்துக்காரர். கணவர் கொத்து வேலைக்காக மைசூர் வந்தவர், சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து கனம் தூக்க முடியாது. குடும்பம் அக்காவின் சம்பளத்தில் ஓடியது. நான்கு வருடம் ஒப்பந்தத்தில் இருந்து, தகுதிகாண் பருவத்துக்கு வந்து, நிரந்தரம் ஆக இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. பிரேக் பெடலைத் தாங்கும் பிராக்கெட்டில் வெல்டு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கண்ணால் பார்த்தால் போதும் என்பது எங்கள் விதி. அவர் சின்ன ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டுவார். சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் தள்ளிவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை தொடர்ந்து மூன்று பிராக்கெட்டுகள் மணி போல ஒலிக்காமல் மொத்தையாகச் சத்தம் போட்டன. அக்கா சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். டீ கிளாஸோடு வந்த அவர், "தனியா எடுத்து வைம்மா, மத்தியானம் பாக்கலாம். டார்கெட் இருக்கு" என்றார். நான்காவதும் அப்படியே வந்தது. அக்கா கயிற்றை இழுத்தார். எதுவும் நடக்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். ஆணியோடு, கொக்கிகளோடு, மொத்தக் கயிறும் கீழே வந்தது, பாதி சூப்பர்வைசரின் டீ கிளாஸின் மேல். அக்கா பிய்ந்து வந்த முனைத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்துபோய், மெஷின் பக்கத்திலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார். வரிசை முக்கால் மணி நேரம் நின்றது. வெல்டிங் முனை தேய்ந்திருப்பது அந்த முக்கால் மணி நேரத்தில்தான் தெரிந்தது.

தவறு உண்மைதான் என்ற குறிப்பைக் கோப்பில் சேர்த்தேன். ஆனால் குற்றச்சாட்டு அதைப் பற்றியதல்ல. படிவம் இல்லாமல் நிறுத்தியது ஒன்று, கம்பெனி உடைமைக்குச் சேதம் விளைவித்தது இரண்டு. அக்கா தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். விசாரணை அதிகாரியாக என்னைப் போட்டார்கள். விதியை எழுதியவனே அதை மீறியவரை விசாரிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விசாரணை அறையில் அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். படிவம் ஏன் நிரப்பவில்லை என்று கேட்டேன். "ஏனுங்க சார், எங்கூருக்குப் போற பஸ்ஸைப் பாலாறு செக்போஸ்ட்டுல தெனமும் நிறுத்தறாங்க. கையைக் காட்டுனாப் போதும், நின்னுரும். பாரம் எல்லாம் எழுதச் சொல்லி யாரும் கேக்கறதில்லீங்க" என்றார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி அறிவுறுத்தினேன். "அப்ப நீங்க ஒண்ணு சொல்லுங்க. அந்தக் கயித்தை நிறுத்தறதுக்குத்தானுங்களே கட்டுனீங்க?" என்றார். சுருக்கெழுத்தர் என்னைப் பார்த்தார். அதைப் பதிவு செய்ய வேண்டாம் என்றேன். வியாழக்கிழமை என் அறிக்கை தயார்: இரண்டு குற்றச்சாட்டுகளும் நிரூபணம். தகுதிகாண் பருவத்தை முடித்து வேலையிலிருந்து அனுப்பும் கடிதமும் தட்டச்சாகி, எம்.டி.யின் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

வெள்ளிக்கிழமை அந்தக் கார் கம்பெனியிலிருந்து இரண்டு ஜப்பானியர்கள் வந்தார்கள். எங்களுக்கு ஆர்டர் தரலாமா என்று பார்க்க வந்தவர்கள். பிய்ந்த துண்டு சான்றாக என்னிடம் இருக்க, மீதிக் கயிறு புது ஆணியில் தொங்கியது. மூத்தவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: இந்த மாதம் எத்தனை தடவை இழுத்திருக்கிறார்கள்? உற்பத்தி மேலாளர் நெஞ்சை நிமிர்த்தி, "ஒரு தடவைகூட இல்லை" என்றார். மூத்தவரின் முகம், சாப்பாட்டில் முடி கண்டவர் முகம் போல ஆயிற்று. அவர் குறிப்பேட்டை மூடினார். மூடிய சத்தத்தில் எம்.டி.க்கு எல்லாம் புரிந்துவிட்டது. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இழுத்தாங்க" என்று பதறினார். யார், அவரைப் பார்க்கலாமா என்றார்கள். எம்.டி. என்னைப் பார்த்தார்.

கம்பெனி ஜீப்பில் ஹிங்கலில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். உடனே வரச் சொன்னேன். கையை உதறியபடி எழுந்து, "அதெப்படிங்க சார் வர்றது? சஸ்பென்சன்ல இருக்கறவங்க கேட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க. கன்னடத்துலயும் படிச்சுக் காட்டுனாங்க" என்றார். அது ஆறாவது பத்தி. சரியாகத்தான் எழுதியிருந்தேன். உள்ளேயிருந்து அவர் கணவர், "போயிட்டு வா, பெரிய சாரே வந்திருக்காரு" என்றார். "பெரிய சார் எழுத்துல குடுக்கட்டும். நாளைக்கு இவரே இல்லைன்னுருவாரு" என்றார் அக்கா. செல்போனில் எம்.டி.யைக் கேட்டேன். என்ன வேண்டுமானாலும் எழுதிக் கொடு என்றார். ஜீப் பானெட்டின் மேல் தாளை வைத்து எழுதினேன்: தற்காலிகப் பணிநீக்கம் ரத்து, விசாரணை கைவிடப்பட்டது, உரிய நாளில் முறைப்படி நிரந்தரம். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். "சீல் இல்லீங்களே" என்றார். பையில் சீல் இருந்தது. என்னைப் போன்றவர்கள் சீல் இல்லாமல் வெளியே போவதில்லை.

நாங்கள் திரும்பி வருவதற்குள் எலக்ட்ரீசியன் ஏணியில் ஏறிக் கயிற்றைச் சுவிட்சோடு இணைத்திருந்தார். ஏழு மாத வேலை இருபது நிமிடத்தில் முடிந்திருந்தது. மூத்தவர் அக்காவுக்குத் தலை தாழ்த்தி வணங்கினார். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பதிலுக்குக் கும்பிட்டார். எப்படி இழுத்தீர்கள், ஒருமுறை காட்டுங்கள் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். எம்.டி. கண்ணாலேயே கெஞ்சினார். அக்கா வரிசையைப் பார்த்தார், ஓடிவந்த ஒரு பிராக்கெட்டை எடுத்துத் தட்டிக் கேட்டார், வைத்தார். "இப்பத் தப்பு ஒண்ணும் இல்லீங்களே. எதுக்குங்க சும்மா இழுக்கறது?" என்றார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித்தான் அதைச் சொன்னார். மூத்தவர் குறிப்பேட்டைத் திறந்து நீளமாக ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எங்களுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. ஒரு மாதத்தில் ஆர்டர் வந்தது.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நிரந்தரமான பிறகு அக்கா கயிற்றை அடிக்கடி இழுத்தார், ஒவ்வொரு முறையும் காரணத்தோடு. ஆர்டர் கைக்கு வந்துவிட்ட கம்பெனிக்குக் காரணங்கள் மெல்லக் கசக்கத் தொடங்கின. ஒருநாள் எம்.டி. என்னைக் கூப்பிட்டு, "அந்தம்மாவுக்கு ஏதாவது நல்லது பண்ணணும்" என்றார். இத்தனை வருட அனுபவத்தில் அந்த வாக்கியத்தின் பொருள் எனக்குத் தெரியும். பதவி உயர்வு ஆணை எழுதினேன்: பாக்கிங் பிரிவின் தலைமைப் பணியாளர், கூடுதல் சம்பளம், உட்கார நாற்காலி. மறுக்க முடியாத ஆணை. அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு, "சார், அங்க கயிறு இல்லீங்களே" என்றார். "ப்ரமோஷன்மா இது" என்றேன். "அது தெரியுதுங்க" என்றார். அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற்ற அன்று, கையில் மாலையோடு நின்றிருந்தபோது அக்கா வந்தார். "அந்தப் பிஞ்ச கயிறு இன்னும் வெச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். விசாரணை கைவிடப்பட்டால் சான்றுப் பொருளை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும், உரியவர் யார் என்று தெரியாததால் என்னிடமே இருக்கிறது என்றேன். சிரித்தார். "நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு இனி எதுக்கு? உங்களுக்குத்தான் ஒதவும்" என்றார்.

போன வாரம் அந்த வாடகைக் காரில், ரிங் ரோட்டில், பொட்டைச் சுற்றிக் கசிந்த சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் போனேன். பிறகு, "வண்டியை ஓரமா நிறுத்துப்பா" என்றேன். "இங்கயா சார்? ஹாஸ்பிடல் இன்னும் தூரம் இருக்கே. அப்பாயின்ட்மென்ட் போயிடும் சார்." "நிறுத்து." பொட்டை நகத்தால் உரித்தேன். அடியில் பிரேக்குக்கான எச்சரிக்கை. ஓட்டுநர் இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்தார். பிரேக் ஆயில் டப்பாவில் எண்ணெய் அடிக்கோட்டுக்கும் கீழே இருந்தது. டப்பாவின் மூடியைத் துடைத்து மூடினார். "வண்டி மேல தப்பு இல்ல சார். அது கரெக்டாத்தான் சொல்லியிருக்கு" என்றார் பிறகு. பக்கத்து மெக்கானிக் கடைக்கு ஊர்ந்து போனோம். கண் மருத்துவமனையில் என் டோக்கன் காலாவதியாகிவிட்டது. புதிய படிவம் நிரப்பச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பொட்டு என் சட்டைப் பையின் மேல் ஒட்டியிருந்தது. "யாரு பொட்டுங்க இது?" என்று என் மனைவி கேட்டாள். விளக்கினேன். பாதி நம்பினாள். இழுப்பறையைத் திறந்து, கயிற்றில் இருந்த அட்டைச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பொட்டை ஒட்டி "சான்று எண் 2" என்று எழுதினேன். சாட்சிகளுக்காகக் கீழே இரண்டு கோடுகள் போட்டேன். ஒன்றில் மனைவி கையெழுத்துப் போட்டாள். மற்றது காலியாக இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் பாக்கிங் பிரிவில் இருக்கிறார். அவரை அங்கே அனுப்பிய ஆணையின் அடியில் இருப்பது என் கையெழுத்து.