சூரியனும் நிலாவும் போட்ட அட்டை

அந்த அட்டையை முதலில் பார்த்தபோது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாத வழவழப்பான தாள். இடப்பக்கம் மஞ்சள் சூரியன், வலப்பக்கம் நீல வானத்தில் ஒரு பிறை நிலா. ஒவ்வொன்றின் கீழும் ஒரு மாத்திரைப் படம். எழுத்தே கிடையாது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று வெளிநாட்டில் யாரோ யோசித்து வரைந்தது. நல்ல மனதோடுதான் வரைந்திருப்பார்கள். அதை இப்போதும் நம்புகிறேன்.

எங்கள் அலுவலகம் அடையாற்றில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. வெளிநாட்டு உதவியில் நடந்தது. சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் வீடு வீடாகப் போய், சர்க்கரை உள்ளவர்களுக்கு விரலில் குத்திச் சோதித்து, டாக்டர் எழுதிய மாத்திரையைக் கொடுத்துவிட்டு வருவது என் வேலை. பத்தாவது வரை படித்தவளுக்கு அது பெரிய வேலை. அதைவிட, யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க அது எனக்கு ஒரு காரணம் கொடுத்தது. தோளில் அந்தப் பை இல்லாமல் நான் யார் வீட்டுக்கும் போனதில்லை.

அம்மா போன பிறகு மயிலாப்பூரில் ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் கடைசி பெஞ்சில் உட்காருவேன். சமாதானம் சொல்லும் நேரத்தில் முன்னால் இருப்பவர் திரும்பிக் கும்பிட்டால் நானும் கும்பிட்டு, சமாதானம் என்பேன். சில ஞாயிறுகளில் நாள் முழுவதும் என் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

குப்பத்தில் மீன் விற்கும் ஓர் அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். கணவர் இல்லை. ஒரே மகள் கல்யாணமாகித் தரமணியில் இருந்தாள். நான் போனால் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார இடம் கொடுப்பார்.

“இன்னாமே, எப்பப் பாரு சாப்ட்டியா, மாத்திர போட்டியா. வேற பேச்சே வராதா உன் வாயில?” என்பார்.

நான் சிரிப்பேன். வேறு பேச்சு உண்மையிலேயே வராது.

அட்டை கொடுத்து இரண்டாவது வாரம் அவருக்கு மார்க்கெட்டில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் கடை போட்டவர் கலர் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார். குடித்ததும் சரியாகிவிட்டதாம். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். அடுத்த வாரம் மறுபடியும் மயக்கம். இந்த முறை மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போதே அரிவாள்மணை மேல் சாய்ந்துவிட்டார். உள்ளங்கையில் ஆறு தையல்.

கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்த பிறகுதான் நான் கேட்டேன்.

“மாத்திரை எப்பக்கா போடுறீங்க?”

“நீ சொன்னாப்லதான். நிலா மாத்திர எழுந்ததும். சூரிய மாத்திர வெயில் வந்ததும் கடையிலயே.”

“எத்தனை மணிக்கு எழுந்துக்கறீங்க?”

“மூணு மணிக்கு. காசிமேட்டுக்கு மீன் ஏலத்துக்குப் போவ வேணாமா? நிலா மேல கீது, வாயில போட்டுக்கினு ஆட்டோ ஏறிடுவேன்.”

“சாப்பிடுறது?”

“யாவாரம் முடிஞ்சி பதினோரு மணி ஆவும். இன்னாத்துக்குக் கேக்கற?”

இரண்டும் சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரைகள். இரண்டையும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு பதினோரு மணி வரை வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரை இறங்கி மயக்கம் வராமல் என்ன செய்யும்? மாலையில் விளக்கு வைக்கும் நேரத்திலேயே சாப்பிட்டுப் படுத்துவிடுகிறவருக்கு, நிலா என்றால் வேலைக்குக் கிளம்பும் நேரம். அவர் மூன்று மணிக்கு எழுவது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அந்தச் சந்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். தெரிந்தும், அட்டையை நீட்டி, நிலா வந்தால் இது, சூரியன் வந்தால் இது என்று விரலால் தொட்டுக் காட்டியது நான்தான்.

டாக்டரிடம் கேட்டு அன்றே நேரத்தை மாற்றிச் சொன்னேன். அதே சந்தில் இன்னும் மூன்று பேர் அப்படியே போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் சொன்னேன். பிறகு அலுவலகம் போய் எங்கள் பொறுப்பாளரிடம் சொன்னேன். என்னைவிட மிகவும் சின்னவர், நிறையப் படித்தவர்.

“அக்கா, நாளைக்கு ஃபாரின்லருந்து வர்றாங்க. இந்தக் கார்டை எல்லாக் கடலோர ஊருக்கும் அனுப்பப் போறாங்க. நாளைக்கு மட்டும் எதுவும் பேச வேணாம். அப்புறமா நானே மெயில் போடறேன்” என்றார்.

பேச வேண்டாம் என்று சொன்னது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைக்க முடியாது.

மறுநாள் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். வந்தவர்களில் வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் நாற்காலி வேண்டாம் என்று எங்களோடு பாயில் உட்கார்ந்தார். ஏதோ கேட்டார். பொறுப்பாளர் தமிழில் சொன்னார்.

“இந்தக் கார்டுல யாருக்காவது சிரமம் இருக்கான்னு கேக்கறாங்க.”

அந்த அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மேலுக்குக் கேட்கிற கேள்வியாக இல்லை. என் முகத்தில் கொஞ்சம் நின்றார். நான் பாயின் ஓரத்தைப் பார்த்தேன்.

அக்கா எனக்கு எதிரில் இருந்தார். கட்டுப் போட்ட கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தார்.

“நல்லா கீதுன்னு சொல்லும்மா. படம்லாம் அயகா கீது” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைக்கார அம்மாவும் சிரித்து, கைதட்டினார்.

கூட்டம் முடிந்ததும் அக்காவின் பின்னால் நடந்தேன். “கையக் காட்டியிருக்கலாமேக்கா” என்றேன்.

“நானா காட்டணும்? நீ வாயத் தொறப்பேன்னு உன்னையே பாத்துக்கினு இருந்தேன். நீ தொறக்கல. நான் சொல்லி உன் வேல போச்சுன்னா? அதான் மூடிக்கினேன்.”

திரும்பிப் பார்க்காமல் சொன்னார். அவர் வாசல் வந்ததும் உள்ளே போய்விட்டார். உட்காரச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் நான் வாராவாரம் போனேன். விரலைக் கொடுப்பார். மாத்திரையை வாங்கிக்கொள்வார். கேலி செய்வதை விட்டுவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து மற்ற ஊர்களுக்கான அட்டைகள் கட்டுக்கட்டாக வந்தன. அதே சூரியன், அதே நிலா. ஊர் வாரியாகப் பிரித்து உறையில் போடும் வேலை எனக்கு. முதல் கட்டைப் பிரித்தேன். மேஜையில் கிடந்த கறுப்பு மார்க்கரை எடுத்து, சூரியனுக்குக் கீழே ‘முதல் சாப்பாட்டோடு’, நிலாவுக்குக் கீழே ‘கடைசிச் சாப்பாட்டோடு’ என்று எழுதினேன். படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று பட்டது. எனக்கு வரைய வராது. ஒரு வட்டம் போட்டு, நடுவில் சோறு மாதிரி ஒரு குவியல் போட்டேன்.

நாற்பது அட்டைகள் ஆகியிருக்கும், பொறுப்பாளர் வந்துவிட்டார்.

“என்னக்கா பண்றீங்க? அது காசு குடுக்கற டோனரோட கார்டு.”

“நாலு பேர் வெறும் வயித்துல போட்டாங்க, மேடம். ஒருத்தங்க அரிவாள்மணை மேல விழுந்தாங்க. நான்தான் அப்படிப் போடச் சொன்னேன்.”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் ஓர் அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அந்த மெயிலை நான் போடவே இல்லக்கா” என்றார் மெதுவாக. பிறகு, “எல்லாத்துலயும் எழுத முடியுமா உங்களால?” என்றார்.

முடியும் என்றேன். மூன்று நாட்கள் எழுதினேன். மற்றவர்கள் சாப்பிடப் போனபோதும் எழுதினேன். கட்டுகள் வண்டியில் ஏறிப் போயின. அந்த ஊர்களில் எனக்கு யாரையும் தெரியாது. யாராவது விழுந்தார்களா, விழாமல் இருந்தார்களா என்று எனக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

ஓர் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது இன்னா, கொசுவத்தியா?”

“தட்டுக்கா. சோத்துத் தட்டு.”

“ம். அன்னிக்கு அந்தம்மா உன் மூஞ்சப் பாத்தாங்களே, அப்பவே சொல்லியிருக்கலாம்.”

ஆமாம் என்றேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தழும்பு விழுந்த கையின் ஆள்காட்டி விரலை நீட்டினார். நான் குத்தி முடிக்கும் வரை அவர் தெருப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.